பழைய சைக்கிளுக்கு நிறம் பார்ப்பது எப்படி

ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று கம்பி பிரேக் வைத்த பழைய சைக்கிளைக் கழற்றிப் போட்டதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, என்ன கலர் அடிக்கலாம் என்பதுதான். உடனே பெயிண்ட் கடைக்குப் போய் நிற அட்டையை விரிக்க வேண்டாம். வண்டி தொழிற்சாலையிலிருந்து எந்த நிறத்தில் வந்தது, இரும்பு இப்போது எந்த நிலையில் இருக்கிறது, எந்த வகைப் பெயிண்ட் அடிக்கப் போகிறோம், பெயரும் கோடும் எந்த நிறத்தில் வரும் என்ற நான்கும் தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். மீதிப் பாதிதான் நம் ரசனைக்கு.

அதற்கும் முன்னால் ஒன்று. பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். பழைய பெயிண்டில் பாதிக்கு மேல் பிடிப்போடு இருந்து, தங்கக் கோடும் கம்பெனி எழுத்தும் கண்ணுக்குத் தெரிந்தால் உரிக்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் மண்ணெண்ணெய்த் துணியால் எடுத்து, மெழுகு பாலிஷ் போட்டால் போதும். மண்ணெண்ணெய் எழுத்துகளின் மேல் படக் கூடாது. பழைய ஒட்டெழுத்துகள் வார்னிஷில் பிடித்து நிற்பவை, ஒரே துடைப்பில் கையோடு வந்துவிடும். வாடகை சைக்கிள் கடைக்காரர் மட்கார்டில் எழுதிய நம்பர், செயின் கவரில் ஓவியர் கையால் எழுதிய உரிமையாளர் பெயர், நகராட்சி வரிவில்லை இவையெல்லாமும் அந்த வண்டியின் வரலாறுதான். உரித்தால் திரும்ப வராது. புதுப் பெயிண்டை எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம்.

முதல் நிறம் எங்கே ஒளிந்திருக்கும்

மேலே தெரிகிற நிறத்தை நம்ப முடியாது. நாற்பது, ஐம்பது வருடம் ஓடிய வண்டியில் இரண்டு மூன்று முறையாவது தூரிகையால் எனாமல் பூசியிருப்பார்கள். வெயிலும் தூரிகையும் படாத இடங்களைத் தேட வேண்டும். ஹெட் டியூபில் (ஹேண்டிலுக்குக் கீழே உள்ள முன் குழாய்) இருக்கும் பித்தளை பேட்ஜுக்கு அடியில், முன்விளக்கு மாட்டும் பிராக்கெட்டுக்குப் பின்னால், சீட் கம்பி இறங்கும் லக்கின் (குழாய்கள் சேரும் இடத்து இணைப்பு உறை) பிளவுக்குள், ஃபோர்க்கின் கழுத்து ஹெட் டியூபுக்குள் நுழையும் இடத்தில், செயின் கவரின் உட்பக்கத்தில் பாருங்கள். பேட்ஜின் ஆணிகளைப் பின்னாலிருந்து மெதுவாகத் தட்டித்தான் எடுக்க வேண்டும். முன்னாலிருந்து ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பினால் மெல்லிய தகடு வளைந்துவிடும், நிமிர்த்தினாலும் கோடு தெரியும்.

பல அடுக்குகள் இருந்தால் 600 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் வட்டமாகத் தேயுங்கள். நடுவில் இரும்பு தெரியும்வரை தேய்த்ததும் சுற்றிலும் வளையம் வளையமாக ஒவ்வொரு அடுக்கும் வெளிப்படும். உள்ளிருந்து எண்ண வேண்டும். இரும்பை ஒட்டி மங்கிய சாம்பலாக ஒரு மெல்லிய படலம் இருந்தால் அது பெயிண்ட் அல்ல, துருவைத் தடுக்கப் போட்ட பாஸ்பேட் பூச்சு. ராலே தன் விளம்பரங்களில் பாண்டரைசிங் என்று பெருமையாகச் சொன்னது இதைத்தான். அதற்கு மேல் வருவது முதல் நிறம். உலர்ந்து வெளுத்திருந்தால் கொஞ்சம் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்துப் பிறகு பாருங்கள், உண்மையான ஆழம் தெரியும். மேலே பூசியிருந்த வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். நீலம் அதன் அடியில் பச்சையாகத் தெரியும்.

இப்படித் தேய்ப்பதைக் கண்டிப்பாகத் தண்ணீரோடுதான் செய்ய வேண்டும். பழைய எனாமலில் ஈயம் கலந்திருக்கலாம். உலரத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும். தேய்த்த சேற்றையும் செடிக்கு ஊற்றக் கூடாது.

வண்டியின் வயது தெரிந்தால் இன்னும் நல்லது. ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் அதன் மேலேயே வருடம் பொறித்திருக்கும், 58 என்றால் 1958. ஆனால் சக்கரம் மாற்றப்பட்டிருக்கலாம், ஆகவே அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. செயின் வீலையும் பாருங்கள். ராலேயில் நாரைத் தலை, ஹம்பரில் கைகோத்த ஐந்து மனித உருவங்கள், ரட்ஜில் கை. அதுவும் ஃபிரேமும் பேட்ஜும் ஒரே பெயரைச் சொன்னால் நிம்மதி. அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தந்த ஹெர்குலிஸானாலும், ஆசன்சோலில் சென் ராலே செய்த ராலேயானாலும், நம் ஊரில் ஓடிய பெரிய சைக்கிள்களில் பெரும்பாலானவை கறுப்பு. இங்கிலாந்திலிருந்து வந்த 1960, 70களின் ராலே ஸ்போர்ட்ஸ் மாடல்களில் வெண்கலப் பச்சையும் காப்பிப் பழுப்பும் உண்டு. இரண்டாம் உலகப்போர் கால வண்டியில் ஹேண்டில் பார், கிராங்க் எல்லாம் கறுப்பாக இருந்தால் யாரோ பின்னால் பூசியது என்று நினைத்து குரோம் போட அனுப்பிவிடாதீர்கள். குரோம் தட்டுப்பாட்டில் தொழிற்சாலையே கறுப்படித்து அனுப்பிய காலம் அது. 1930க்கு முந்திய வண்டியென்றால் குரோமுக்குப் பதில் நிக்கல். லேசான மஞ்சள் சாயலுள்ள வெள்ளை. அதற்குப் பக்கத்தில் பளீரென்ற குளிர்ந்த நீலம் ஒட்டாது, கறுப்பும் மெரூனும் கரும்பச்சையும் ஒட்டும்.

கறுப்பு என்றால் எந்தக் கறுப்பு

கறுப்பில் என்ன தேர்வு இருக்கிறது என்று தோன்றும். புதுப்பித்த வண்டிகள் அதிகம் கெட்டுப்போவது கறுப்பில்தான். தொடக்க காலக் கறுப்பு எனாமல் நிலக்கீல் கலந்தது. அடுப்பில் சுட்டுக் கெட்டியாக்குவார்கள். மெலிதாகப் படிந்த விளிம்பில் அது பழுப்பாகத் தெரியும். மலிவு, ஒரே முக்கில் மூடும், சூட்டில் நிறம் மாறாது என்பதால்தான் உலகமே சைக்கிளைக் கறுப்பாகச் செய்தது. அந்தப் பூச்சு மெலிதானது, லக்கின் கூர்மையான வளைவுகள் அப்படியே தெரியும். இப்போது கார் பட்டறையில் கொடுத்தால் கறுப்பு பேஸ் (அடிநிறம்) அடித்து அதற்கு மேல் இரண்டு மூன்று கோட் கிளியர் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) ஏற்றிவிடுவார்கள். விளிம்புகள் மழுங்கி, பிளாஸ்டிக்கில் வார்த்ததுபோல் ஆகிவிடும்.

பட்டறைக்காரரிடம் சொல்ல வேண்டியது இது: பேஸ், கிளியர் என்று பிரிக்காமல் நேரடியாகப் பளபளப்பு தரும் ஹார்டனர் கலந்து அடிக்கும் இரண்டு பாக பி.யூ. (பாலியூரிதேன்) கறுப்பு, மெல்லிய இரண்டு கோட். நம்பர் கேட்டால், ரால் என்ற நிற எண் முறையில் 9005. கிளியர் வேண்டுமென்றால் கோடும் எழுத்தும் போட்ட பிறகு ஒரே ஒரு மெல்லிய கோட்.

கறுப்பின் இன்னொரு குணம், அது எதையும் மறைக்காது. துரு தின்ற சிறு குழி, டிங்கரிங் செய்த அலை, உப்புத்தாள் கீறல் எல்லாம் பளபளக்கும் கறுப்பில் இரண்டு மடங்காகத் தெரியும். கீழ் டியூபிலும் மட்கார்டிலும் குழி அதிகமாக இருந்தால் இரண்டு வழி. பிரைமரைத் தடிமனாக அடித்து 320, 400, 600 என்று படிப்படியாகத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும், நாட்கணக்கில் வேலை வாங்கும். இல்லையென்றால் சாம்பல், இளம்பச்சை, கிரீம் போன்ற நடுத்தர அல்லது வெளிர் நிறத்துக்குப் போய்விடலாம். முதல் நிறம் கறுப்பாக இருக்கும் வண்டிக்கு முதல் வழியைத்தான் சொல்வோம். வெளிர் நிறத்துக்கு அதன் தொல்லையும் உண்டு. பெடல் அச்சு இருக்கும் இடத்திலும் செயின் பக்கத்திலும் கிரீஸ் கறை ஒரு மழைக்குள் தெரிந்துவிடும்.

வெயிலில் நிற்கும் நிறம், நிற்காத நிறம்

தினமும் ஓட்டி வெளியே நிறுத்தும் வண்டிக்குப் பளிச்சென்ற சிவப்பை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மலிவான சிவப்பு நிறமிகள் நம் வெயிலில் சில வருடங்களில் வெளுத்து ரோஜா நிறத்துக்கு வந்துவிடும். சிவப்புதான் வேண்டுமென்றால் இரும்பு ஆக்சைடு நிறமி சேர்ந்த மெரூன் பக்கம் போங்கள். அது நீண்ட காலம் நிற்கும், தங்கக் கோடும் அதன் மேல் அழகாக எழும். ரால் 3003, 3004 இரண்டையும் அருகருகே அடித்துப் பாருங்கள். முன்னது மாணிக்கச் சிவப்பு, பின்னது இன்னும் அடர்த்தி. பச்சையில் ரால் 6005 பழைய வண்டிக்கு மிகவும் பொருந்தும்.

சிவப்பும் மஞ்சளும் மூடும் சக்தி குறைந்தவை. சாம்பல் பிரைமர் மேல் அடித்தால் மங்கிப்போகும், நான்கு கோட் அடித்தாலும் அடிநிறம் எட்டிப் பார்க்கும். இவற்றுக்கு வெள்ளைப் பிரைமர் வேண்டும். ரெட் ஆக்சைடு பிரைமர் கறுப்புக்கும் மெரூனுக்கும் சரி, கிரீமுக்கு அடியில் வேண்டாம். கறுப்பில் ஒரு கீறல் விழுந்தால் அடியில் வெள்ளைப் பிரைமர் கோடாகப் பளிச்சிடும் என்பதால் அங்கே கரிய பிரைமரே நல்லது. ஆக, நிறத்தை முடிவு செய்யாமல் பிரைமர் வாங்கக் கூடாது.

1950களின் கடைசியிலும் அதன் பிறகும் வந்த சில ஆங்கில வண்டிகளில், உள்ளிருந்து ஒளிர்வதுபோல் ஒரு நீலமும் சிவப்பும் இருக்கும். வெள்ளிப் பூச்சின் மேல் ஒளி ஊடுருவும் நிறத்தை அடித்ததால் வரும் விளைவு அது. சாதாரண மெட்டாலிக் நீலத்தால் அதைக் கொண்டுவர முடியாது. வெள்ளி பேஸ், அதன் மேல் கேண்டி என்ற அந்த ஒளி ஊடுருவும் நிறம், கடைசியில் கிளியர் என்று மூன்று கட்டமாகத்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு கேண்டி கோட்டும் நிறத்தை அடர்த்தியாக்கும். எனவே ஃபிரேம், ஃபோர்க், மட்கார்டு மூன்றுக்கும் கோட் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும், ஒரே நாளில் ஒரே கையால் அடிக்க வேண்டும்.

மாதிரி பார்ப்பது

நிற அட்டை தட்டையானது, சைக்கிள் டியூப் உருண்டை. வெளிச்சம் விழும் பக்கம் வெளுத்தும் அடிப்பக்கம் கறுத்தும் தெரியும். அட்டையில் மிதமாகத் தெரிந்த கரும்பச்சை, டியூபில் ஏறியதும் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். அதனால் பழைய சீட் கம்பி அல்லது ஒரு அடி நீளத் துண்டுக் குழாய் எடுத்து, அதே பிரைமர், அதே பெயிண்ட், அதே எண்ணிக்கையில் கோட் அடித்து உலரவிடுங்கள். அதைக் காலை நிழலில், உச்சி வெயிலில், இரவு டியூப் லைட்டில் என மூன்று வெளிச்சத்திலும் பாருங்கள். பக்கத்தில் சீட்டின் தோலையும் கைப்பிடியையும் டயரையும் வைத்துப் பார்ப்பது அவசியம். தேன் நிறத் தோல் சீட் போடப் போகிறீர்கள் என்றால் காப்பிப் பழுப்பு ஃபிரேம் அதோடு மோதும், கரும்பச்சையும் கறுப்பும் அதைத் தூக்கிக் காட்டும். பழுப்புப் பக்கவாட்டு டயரும் கிரீம் ஃபிரேமும் சேர்ந்தால் மொத்த வண்டியும் வெளுத்துத் தெரியும்.

பழைய நிறத்தை அப்படியே கலந்து வாங்க வேண்டுமென்றால், கார் பெயிண்ட் கலக்கும் கடையில் நிறம் அளக்கும் கருவி இருக்கும். அது தட்டையான பரப்பில்தான் சரியாக அளக்கும். ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு போனால் வளைவில் தவறான அளவு வரும். செயின் கவரின் உட்பக்கத்தைப் பாலிஷ் செய்து அதைக் கொண்டுபோங்கள். கருவி என்ன சொன்னாலும் ஒரு துளியை அதன் மேலேயே தடவி, உலர்ந்த பிறகு பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஈரத்தில் ஒரு நிறம், உலர்ந்தால் வேறு நிறம்.

எந்தப் பெயிண்ட்

நிறத் தூளைத் தூவி அடுப்பில் சுடும் பவுடர் கோட்டிங் உறுதியானது. பித்தளை வைத்து ஒட்டிய ஃபிரேமுக்கு அந்த 180 முதல் 200 டிகிரி சூடு ஒன்றும் செய்யாது. ஆனால் பூச்சு 60 முதல் 100 மைக்ரான் தடிமன், லக்கின் விளிம்பு மழுங்கும். குழியை அடைத்த கார் பட்டி அந்தச் சூட்டில் கெட்டுப்போகும். பள்ளத்தை ஈயம் உருக்கி அடைத்திருந்தால் அது வழிந்தே வந்துவிடும். நிறத் தேர்வும் குறைவு. பவுடர் இருபது, இருபத்தைந்து கிலோ பெட்டியாக வருவதால் ஒரு சைக்கிளுக்காகப் புது நிறம் வாங்கித் தர மாட்டார்கள், அன்றைக்கு ஓடும் நிறங்களில்தான் எடுக்க முடியும். பொருள் ஏற்றும் வண்டிக்கும் குழந்தைகள் ஓட்டும் வண்டிக்கும் தாராளமாகப் போடலாம். தங்கக் கோடு போட்டு மீட்டெடுக்கும் ராலேவுக்கு வேண்டாம்.

தூரிகையில் பூசும் சிந்தெடிக் எனாமல் மலிவு, ஆனால் முழுதாக இறுக வாரங்கள் ஆகும். என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) பெயிண்ட் உடனே உலரும், பாலிஷில் அருமையாக மின்னும். தின்னர் பட்டால் கரையும். மழைக்காலத்தில் அடித்தால் காற்றின் ஈரம் படிந்து வெண்மையாகப் பூத்துவிடும், கறுப்பில் இது கண்ணை உறுத்தும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ என்.சி. அடிக்க நினைத்தால் ஒரு வெயில் நாளுக்குக் காத்திருப்பதே மேல். எல்லாவற்றிலும் நீடித்து நிற்பது ஹார்டனர் கலக்கும் பி.யூ. தான். அதில் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது, கைக்குட்டையும் துணி முகமூடியும் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்றை ஊட்டும் முகமூடி போட்டு, காற்றோட்டமான இடத்தில்தான் அடிக்க வேண்டும். அது இல்லையென்றால் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

பெரும்பாலான பெயிண்ட் வேலைகள் நாசமாவது வகைகளைக் கலப்பதால். பழைய எனாமலின் மேல் என்.சி. அல்லது பி.யூ. அடித்தால் அதன் தின்னர் கீழே இறங்கி, எனாமலைச் சுருங்கிய தோல்போலக் கிளப்பிவிடும். சந்தேகம் இருந்தால் தின்னர் நனைத்த துணியை ஒரு மூலையில் இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். நிறம் துணியில் இறங்கினால் என்.சி., சுருங்கினால் காற்றில் உலர்ந்த எனாமல், ஒன்றும் ஆகவில்லையென்றால் சுட்ட எனாமலோ பி.யூ.வோ. முதல் இரண்டில் எது இருந்தாலும் இரும்புவரை உரித்துவிட்டுத்தான் புது நிறம்.

அளவைப் பொறுத்தவரை ஃபிரேம், ஃபோர்க், இரண்டு மட்கார்டு, முழு செயின் கவர் சேர்த்து ஏறக்குறைய ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். சிறிய ஸ்ப்ரே கன் வைத்து அடித்தால் கலந்த பிரைமர் அரை லிட்டர், நிறம் அரை லிட்டர், கிளியர் கால் லிட்டர் போதும். உருண்டைக் குழாயில் பாதிப் பெயிண்ட் காற்றில்தான் போகும், அதையும் சேர்த்துச் சொன்ன கணக்கு இது. மொத்த நிறத்தையும் ஒரே தடவையில் கலந்து வாங்குங்கள். இரண்டாம் முறை கலக்கும் நிறம் ஒத்துப்போகாது. அடிக்கும்போது லக், பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு உட்காரும் கூடு), பின் கம்பிகளின் உட்பக்கம் போன்ற சந்துகளை முதலில் முடித்துவிட்டு நீளக் குழாய்களுக்கு வாருங்கள். மாற்றிச் செய்தால் சந்துகளை மூடப் போய்க் குழாயில் வழியும். பேரிங் கப்பு உட்காரும் ஹெட் டியூபின் வாய், பாட்டம் பிராக்கெட்டின் மரை இரண்டையும் டேப் ஒட்டி மறைக்க வேண்டும். அங்கே பெயிண்ட் ஏறினால் கப்பு கோணலாக உட்காரும், ஹேண்டில் இறுகும்.

கோடும் வெள்ளை வாலும்

பின் மட்கார்டின் அடியில் ஒரு சாண் வெள்ளை இருப்பது அலங்காரமல்ல. இரவில் பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும் என்று பிரிட்டனில் 1930களில் சட்டம் போட்டு வந்தது, நம் ஊர் வண்டிகளிலும் அப்படியே நிலைத்துவிட்டது. இதை விட்டுவிட்டால் பழைய ஹெர்குலிஸ் ஹெர்குலிஸாகத் தெரியாது. வெள்ளையை முதலில் அடித்து, நன்றாக உலர்ந்ததும் டேப் ஒட்டி மறைத்துப் பிறகு கறுப்பு அடியுங்கள். கறுப்பின் மேல் வெள்ளை அடிக்கப் போனால் கோட் கூடிக் கூடி விளிம்பில் வரப்பு நிற்கும்.

கோடுகளின் இடத்தை உரிப்பதற்கு முன்பே அளந்து எழுதி, அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். லக்கின் நுனியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர், ஒற்றைக் கோடா இரட்டையா, முனை கூராக முடிகிறதா என்பதெல்லாம் பிறகு நினைவில் இருக்காது. அகலம் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர். நீண்ட மயிருள்ள கோட்டுத் தூரிகையில் எண்ணெய் எனாமல் தொட்டு, முழுதாக இறுகிய பி.யூ. மேல் இழுப்பதில் ஒரு வசதி உண்டு: கை நடுங்கினால் டர்பன்டைன் துணியால் துடைத்துவிட்டு மறுபடி இழுக்கலாம், அடியிலுள்ள பெயிண்டுக்கு ஒன்றும் ஆகாது. அப்படிப் போட்ட கோட்டின் மேல் பி.யூ. கிளியர் அடிக்கக் கூடாது, கோடு சுருங்கும். கிளியர் வேண்டுமென்றால் கோட்டையும் பி.யூ.விலேயே மெல்லிய டேப் ஒட்டிப் போடுங்கள். வெண்கலத் தூள் கலந்த தங்க நிறம் மட்டும் கிளியர் இல்லாமல் நிற்காது, காற்றுப் பட்டுக் கறுத்துவிடும்.

தங்க எழுத்து கறுப்பு, மெரூன், கரும்பச்சையில் எழும். கிரீமிலும் இளநீலத்திலும் மறையும். வெளிர் நிறம்தான் என்று முடிவு செய்துவிட்டால் எழுத்தையும் கோட்டையும் சிவப்புக்கோ கரும்பச்சைக்கோ மாற்றிக்கொள்ளுங்கள்.

பி.யூ. தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில மணி நேரத்தில் வந்துவிடும், அதை நம்பி மறுநாளே மாட்டாதீர்கள். கேரியர் கிளாம்ப், டைனமோ பிராக்கெட், செயின் கவர் பட்டை எல்லாம் முழுதாக இறுகாத பெயிண்டில் பதிந்து தடம் விடும். ஒரு வாரம் நிழலில் தொங்கவிட்டு, கிளாம்ப் வரும் இடத்தில் பழைய டியூப் ரப்பரை ஒரு சுற்றுச் சுற்றி மாட்டுங்கள். ஹார்டனர் கலக்காத நிறத்தில் ஐம்பது மில்லியைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை ஊற்றி மூடி, நிற நம்பர், கடை கலந்த அளவு, தேதி மூன்றையும் எழுதி ஒட்டி வையுங்கள். சுவரில் சாய்த்து நிறுத்தும் வண்டிக்கு முதல் கீறல் விழ அதிக நாள் ஆகாது.